மௌனமும் மரணமும்

கடலுக்குப் போனவன் திரும்பி வராவிட்டால், அவன் எந்த நாளில் இறந்தவன் ஆகிறான்?

சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள மீனவர் குப்பங்களில் இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் தத்துவக் கேள்வி அல்ல. படகு யாருக்கு, கடனை யார் அடைப்பது, அவன் மனைவி நெற்றியில் பொட்டு இருக்கலாமா என்பதெல்லாம் இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தவை. சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உயிரோடிருந்தால் யாருக்குச் செய்தி வந்திருக்க வேண்டுமோ, அவர்களுக்கே ஏழு வருஷமாக ஒரு செய்தியும் இல்லையென்றால், 'அவர் இருக்கிறார்' என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்றது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்த ஏழு வருஷத்தை மாற்றவில்லை. இதில் ஒரு நாகரிகம் இருக்கிறது, கவனித்தீர்களா? 'அவன் இறந்துவிட்டான்' என்று சட்டம் அடித்துச் சொல்லவில்லை. 'இனி அப்படி வைத்துக்கொண்டு காரியத்தைப் பார்க்கலாம். அவனே வந்து நின்றால் வரவேற்போம்' என்கிறது.

மனிதர்களுக்கு ஏழு வருஷம். இதே கேள்விக்குச் சில விநாடிகளில் பதில் சொல்ல வேண்டிய நிலையில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன.

ஒரு பாங்குக் கணக்கையோ, மருத்துவமனைப் பதிவையோ ஒரே கம்ப்யூட்டரை நம்பி விடுவதில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டிவைக்கிறார்கள். கிளஸ்டர் என்று பெயர். ஒன்று வேலை செய்யும். மற்றது பக்கத்தில் விழித்திருக்கும். 'இருக்கிறாயா?', 'இருக்கிறேன்' என்று ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு பக்கம் பதில் இல்லை. அது செத்துவிட்டதா? அல்லது நடுவிலுள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டதா? தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தத் திகைப்பு ஆழமானது என்பதை ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூன்று அறிஞர்கள் 1985-இல் கணித வழியாகவே காட்டினார்கள். செய்தி வந்து சேர இத்தனை நேரம்தான் ஆகும் என்ற வரம்பு இல்லாத இடத்தில், ஒரே ஒருவர் விழுந்துவிடக்கூடும் என்றாலும், எல்லோரும் தவறாமல் ஒரு முடிவுக்கு வந்துசேர்வார்கள் என்று உறுதி கூற முடியாது. தாமதத்தையும் சாவையும் பிரித்தறிய வழியில்லை.

தெரியாது என்று சும்மா இருக்கவும் முடியாது, வேலை நிற்கிறது. 'செத்துவிட்டது' என்று எண்ணி மற்றது அதன் இடத்தில் உட்கார்ந்தால், செத்ததாக எண்ணியது உண்மையில் உயிரோடிருந்தால், இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டில் ஒருவர் எழுதியதன் மேல் ஒருவர் எழுதுவார்கள். கணக்கே பாழாகும். ஆகவே ஒரு விதி செய்திருக்கிறார்கள். பதில் சொல்லாதவனின் இடத்தில் உட்காருமுன், அவனுடைய மின்சாரத்தை வெட்டு. வேலி போடுதல் என்று இதற்குப் பெயர். அடுத்தவன் தலையில் சுடு என்று பொருள்படும் முரட்டுப் பெயர் ஒன்றையும் இஞ்சினீயர்கள் வைத்திருக்கிறார்கள்.

இந்த மென்பொருளில் பிழை திருத்துகிறவர்களின் வேலை எனக்கு ஒழுக்க நூல் படிப்பதுபோல் இருக்கிறது. பிழைகளைப் பாருங்கள். 'அணை என்று கட்டளை அனுப்பினேன். ஆகவே அணைந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்வது ஒன்று. மின்சாரத்தை வெட்டும் கருவிக்கும் அதே கம்பியிலிருந்து மின்சாரம் வந்தால், கம்பி போகும்போது கருவியும் வாய் மூடிவிடும். வெட்டியதா இல்லையா என்று கேட்டால் பதில் வராது. பதில் வராததைச் சம்மதமாகக் கொள்ளும் நிரல் அங்கே பொய் சொல்கிறது. திருத்தம் என்ன? 'தெரியவில்லை' என்பதை மூன்றாவது பதிலாக ஏற்றுக்கொள்வது. உறுதி கிடைக்கும்வரை பொறுத்திருப்பது. அதற்குள் வாடிக்கையாளர்கள் கூச்சலிடுவார்கள். மேலதிகாரி தொலைபேசியில் இரைவார். அப்போது ஆபரேட்டருக்கு ஒரு வழி உண்டு. 'அந்த இயந்திரம் அணைந்துவிட்டது, நானே உறுதி சொல்கிறேன்' என்று ஒரு வரி தட்டினால் போதும். நிரல் அவரை நம்பிவிடும். எழுந்து போய்ப் பார்த்தாரா என்று அது கேட்காது. அதைக் கேட்கும் இடம் அவர் மனசாட்சி ஒன்றுதான்.

இன்னொரு பிழை இதைவிட நமக்குப் பழக்கமானது. இரண்டும் உயிரோடிருக்கின்றன, நடுவில் பேச்சு மட்டும் நின்றுபோகிறது. இரண்டும் ஒன்றையொன்று செத்ததாகக் கருதி, ஒரே சமயத்தில் சுட்டுக்கொள்கின்றன. 2012 டிசம்பரில் கிட்ஹப் நிறுவனத்தில், வலைப்பின்னல் ஒன்றரை நிமிஷம் தடைப்பட்டதில் பல ஜோடி இயந்திரங்கள் இப்படி ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டன. சரிசெய்ய மணிக்கணக்கில் ஆயிற்று. திருத்தம் மிக எளியது. இரண்டில் ஒன்றைச் சில விநாடி பொறுத்துச் சுடும்படி சொல்லிவைப்பது. பேசாமல் பிரிந்த அண்ணன் தம்பிகளுக்கும் இதைச் சொல்லலாம்.

'சந்தேகத்தின் பேரில் உயிருள்ளதை வெட்டுவது நியாயமா?' என்று ஒருவர் கேட்கலாம். இயந்திரத்துக்கு அது பெரிய நஷ்டமல்ல. மறுபடி விழித்தெழுந்து, 'வந்துவிட்டேன்' என்று சொல்லிக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். வேலிக்கு ஒரு வாசல் இருக்கிறது. அதனால்தான் வேலி பொறுக்கத்தக்கதாகிறது. மனிதர்கள் போடும் வேலியில் பல சமயம் வாசலே இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ஆஸம்கர் மாவட்டத்து லால் பிஹாரி, நிலத் தகராறில் சர்க்கார் ஏட்டில் இறந்தவராக எழுதப்பட்டார். 1994 வரை ஏறத்தாழ இருபது வருஷம், 'நான் இருக்கிறேன்' என்று நிரூபிக்கத் திண்டாடினார். தம்மைப்போல் ஏட்டில் செத்தவர்களுக்கு ஒரு சங்கமே வைத்தார். அவர் ஒருநாளும் மௌனமாக இருக்கவில்லை. கேட்க வேண்டியவர்களுக்குத்தான் காதில்லை.

மேலும் ஒரு விதி உண்டு. அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மூன்று இயந்திரங்கள் உள்ள இடத்தில், தனித்துப்போன ஒன்று, 'மற்ற இரண்டும் செத்துவிட்டன' என்று நினைக்கக்கூடாது. 'தனித்துவிட்டது நானாக இருக்கலாம்' என்று தன் வேலையைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பான்மை சொல்வதே சத்தியம் என்று இதற்கு அர்த்தமல்ல. ஒரே நேரத்தில் இரண்டு பெரும்பான்மை இருக்க முடியாது என்பதுதான் அர்த்தம். ஊரே மாறிவிட்டது, உறவினரெல்லாம் கெட்டுவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றும் நாளில், அறுந்திருப்பது நம்முடைய கம்பியோ என்று முதலில் பார்த்துக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

கல்பாக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பண்பு புதிதல்ல. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது, அங்குள்ள அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை ஏதும் வரவில்லை. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது; குளிர்நீர் இறைக்கும் பம்புகள் நின்றன; உலை நிறுத்தப்பட்டது. அந்தக் கடற்கரையில் எத்தனையோ உயிர்களை அலை கொண்டுபோன அன்று, உலையால் கேடு விளையவில்லை. கடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு நிறுத்துவோம் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியாதபோது தன்னை நிறுத்திக்கொள்வது என்பது அந்த உலைகளைக் கட்டியவர்களின் பாடம்.

அடுத்தவனுடைய மௌனம் நமக்கு எதையும் சொல்வதில்லை. அவன் முடிந்துவிட்டான் என்பது நாம் எழுதும் தீர்ப்பு. சில சமயம் எழுதித்தான் ஆக வேண்டும், வாழ்க்கை காத்திராது. எழுதுகிறவன் தன் கம்பியைச் சோதித்துவிட்டு எழுதட்டும். போய்ப் பார்க்காமல் 'பார்த்தேன்' என்று கையெழுத்திடாமல் இருக்கட்டும். வந்து நிற்பவனுக்கு ஒரு வாசலும் வைக்கட்டும். இவ்வளவையும் ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுக்க இஞ்சினீயர்கள் இரவுபகலாக உழைக்கிறார்கள். நமக்கு யாரும் எழுதித் தரமாட்டார்கள். நம் பிழையை நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.