அபயம் கொடுக்கும் கை



வைணவத்தில் ஒரு பழைய விவாதம் உண்டு. இறைவனிடம் நாம் சரணடைவது குரங்குக்குட்டி மாதிரியா, பூனைக்குட்டி மாதிரியா? குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்குட்டி ஒன்றுமே செய்வதில்லை. தாய் அதன் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. வடகலையார் முதலாவதைச் சொல்வார்கள், தென்கலையார் இரண்டாவதை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இவற்றுக்குப் பெயர். சமய வகுப்பில் இதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் பூனைக்குட்டி பக்கம்தான் சாயும். எவ்வளவு சுலபம், சும்மா தொங்கினால் போதும்!

வீட்டுக்கு உண்மையான ஒரு பூனை வந்த பிறகு வேறொரு கேள்வி வந்தது. தொங்குகிற பூனை எல்லாம் சரணடைந்த பூனைதானா?

2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் எடுத்து வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆனது. 1989-லிருந்து இருந்த தடை நீங்கியது. அதன் பிறகு நாங்கள் தத்தெடுத்தவள்தான் மீனு. புளோக்கின் கீழ்த்தளத்தில் வளர்ந்தவள். காது நுனி வெட்டியிருக்கும். கருத்தடை செய்ததற்கு அது அடையாளம். எங்களுக்கு முன்பே ஒரு வீட்டுக்குப் போய், "பழகவே மாட்டேங்குது" என்று திருப்பி அனுப்பப்பட்டவள்.

கூண்டைத் திறந்ததும் என் கட்டிலுக்கு அடியில் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. இது சாதாரண விஷயம் இல்லை. பூனை சில நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தத்துக் கொடுத்த அக்கா தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னார்: "நாளைக்குக் காலையிலும் சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட கொண்டுபோயிடுங்க தம்பி." அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கழுத்தப் புடிச்சுத் தூக்கி வெளிய எடுடா. தூக்குனா அடங்கிடும், நான் பாத்திருக்கேன்" என்றார்.

அடங்கும். அப்பா சொன்னது உண்மைதான். தாய் கவ்வும்போது குட்டியின் உடம்பு தானாகத் தளர்ந்துவிடும், அது இயற்கை. வளர்ந்த பூனையை மனிதக் கை அப்படிப் பிடித்தால் அதுவும் அசையாமல் கிடக்கலாம், ஆனால் பயத்தில். அதனால்தான் அமெரிக்க, அனைத்துலகப் பூனை மருத்துவ அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டி இந்தக் கழுத்துப் பிடி வேண்டாம் என்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆடாத உடம்பு, சத்தமில்லாத வாய். ஒன்றைச் சரணாகதி என்று சொல்லலாம். மற்றதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இராமாயணத்தில் விபீஷணன் வருகிற கட்டத்தை நினைத்துப் பாருங்கள். கடலைத் தாண்டி வந்தவன் தரையில் இறங்காமல் வானத்திலேயே நிற்கிறான். கீழே சுக்ரீவன், எதிரியின் தம்பியை நம்பக் கூடாது என்று வாதாடுகிறான். இராமனோ அபயம் தந்துவிட்டேன் என்கிறான். அதற்குப் பிறகுதான் விபீஷணன் இறங்குகிறான். அவனை யாரும் இழுத்து இறக்கவில்லை. கோயிலில் நடராஜரின் அபய கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த உள்ளங்கை விரிந்து நிற்கிறது. அது யாரையும் பிடிக்கவில்லை.

கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்வ குணங்களைச் சொல்லும்போது அபயத்தில்தான் தொடங்குகிறது. நாம் அதை 'எனக்குப் பயமில்லை' என்ற அளவில் எடுத்துக்கொள்கிறோம். 12ஆம் அத்தியாயத்தில் மறுபாதி இருக்கிறது. பிறர் தன்னைக் கண்டு கலங்காதபடி இருப்பதும் பக்தனின் லட்சணம். முதல் பாதிக்கு ஜிம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு எங்கே போய்ப் பயிற்சி எடுப்பது? எனக்குக் கட்டிலடிதான் கிடைத்தது.

"அவ எடத்துல அவ இருக்கட்டும்" என்றார் பாட்டி. ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய கைலியை விரித்து, கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தோம். ஒளிய இடம் கொடுத்தால் ஒளிந்தே கிடக்குமே என்று தோன்றும். ஆனால் 2014-ல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கிடைத்தவைதான் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. உணவை லேசாகச் சூடாக்கிப் பெட்டி வாயருகே வைத்தேன். (அன்று வெள்ளிக்கிழமை, வீட்டில் சைவம். மீனுவுக்கு மட்டும் பாட்டி விலக்கு அளித்தார்.) பிறகு விளக்கைக் குறைத்து, முதுகை அவள் பக்கம் திருப்பித் தரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். தட்டை நக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை.

கண் கொட்டாமல் பார்ப்பது நமக்குத் தரிசனம். பூனைக்கு அது மிரட்டல். கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் அப்படியே பதில் சொல்லும், கையருகே வரவும் தயங்காது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் எழுதினார்கள். மீனு ஒன்பதாம் நாள் பதில் சொன்னாள். மூன்றாம் வாரம் விரலை முகர்ந்து கன்னத்தை உரசினாள். தலையைத் தடவ நான் அவசரப்படவில்லை. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்: தாமதமாகப் பதில் தரும் அமைப்பில் கெயினைக் கூட்டினால் அது நிலைக்கு வராது, ஆட்டம்தான் கூடும். போதும் என்று அவள் எழுந்து போனால் விட்டுவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அவளே வருவாள்.

மனிதக் காதுக்கு எட்டாத கூரிய ஒலிகளும் பூனைக்குக் கேட்கும். சாவிக்கொத்து குலுங்கினால் அவளுக்கு அது பெரிய இரைச்சல். இதைச் சொன்ன நாளிலிருந்து அப்பா சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறார். திருப்பி அனுப்பும் பேச்சு நின்றுபோனது.

நம் ஞாயிறு வகுப்பிலும் சத்தமே போடாத பிள்ளையை 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டுகிறோம். அது அடக்கமா, கட்டிலடியா என்று நாம் கேட்டதில்லை. புதிதாக வந்திருக்கும் அந்தப் பையன் இரண்டு வாரமாக வாசலை ஒட்டியே உட்காருகிறான். அங்கேயே உட்காரட்டும். தேவாரம் பாடச் சொல்லி மைக்கை அவன் கையில் திணிக்க வேண்டாம். சுண்டல் கொடுக்கிறவர்கள் ஒரு கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி, வேறு பக்கம் பார்த்து உட்காருங்கள்.