பாதி அறிவும் முழுப் பேச்சும்

மனிதன் தான் செய்த செயலுக்குக் காரணம் கூறாமல் இருப்பதில்லை. சினந்தவனைக் கேட்டால் சினத்திற்கு ஒரு நியாயம் சொல்வான். ஈயாதவனைக் கேட்டால் ஈயாமைக்கு ஒரு நியாயம் சொல்வான். அக்காரணம் செயலுக்கு முன்னரே உள்ளத்தில் இருந்ததா, கேள்வி எழுந்த பின்னர்ப் பிறந்ததா என்பதை அவன் ஆராய்வதில்லை. வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட நாம் இதனை ஆராயக் கடமைப்பட்டவர்கள். மூளையைப் பற்றிய இன்றைய அறிவியல் இதற்குத் துணை செய்கிறது.

மூளை இடப்பாதி, வலப்பாதி என இரு கூறுகளாக அமைந்தது. உடலின் வலப்புறத்தை இடப்பாதியும், இடப்புறத்தை வலப்பாதியும் பெரும்பாலும் இயக்குகின்றன. 1861-ஆம் ஆண்டில் பாரிசு நகர மருத்துவர் பால் புரோக்கா, "டான்" என்னும் ஒலியன்றிப் பிற பேச இயலாதிருந்த ஒருவர் இறந்தபின் அவர் மூளையைச் சோதித்து, இடப்பாதியின் முன்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். வலக்கைப் பழக்கமுடையோருள் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர்க்குப் பேச்சாற்றல் இடப்பாதியையே சார்ந்துள்ளது. முகங்களை அடையாளம் காண்பதிலும், இடத்தின் அமைப்பை உணர்வதிலும் வலப்பாதிக்குச் சிறப்புண்டு. ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளால் ஆன ஒரு பாலம் இரண்டையும் இணைக்கிறது. ஒரு பாதி அறிந்ததை மறுபாதி அறிவது இப்பாலத்தின் வழியேயாம்.

மருந்துகளால் தீராத வலிப்பு நோயாளர் சிலர்க்கு இப்பாலத்தை அறுத்து மருத்துவர்கள் நோயைத் தணித்தனர். அத்தகையோரை அமெரிக்க அறிஞர் ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்து 1981-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் துணைவரும் 1970-களில் செய்த ஒரு சோதனை நம் சிந்தனைக்கு உரியது. நோயாளர் ஒருவரின் இடப்பாதி மட்டும் காணுமாறு ஒரு கோழிக்காலையும், வலப்பாதி மட்டும் காணுமாறு பனி மூடிய காட்சியையும் காட்டினர். பின்னர், கண்டவற்றுக்குப் பொருத்தமான படங்களைத் தொடச் சொன்னபோது, வலக்கை கோழியைத் தொட்டது; இடக்கை பனியை வாரும் மண்வாரியைத் தொட்டது. "ஏன் இவற்றைத் தொட்டீர்?" என்று வினவினர். விடை கூற வேண்டிய இடப்பாதிக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் அது "அறியேன்" என்னவில்லை. கோழிக்கொட்டிலைத் துப்புரவு செய்ய மண்வாரி வேண்டும் என்று தயக்கமின்றிக் காரணம் கூறியது!

இதனைக் கேட்டவுடன் நம்மவர்க்கு எழும் முதல் வினா, உயிர் இரண்டாகிவிட்டதா என்பது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று உலகப் புகழ் பெற்ற மூளையியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும், கடவுள் உண்டு என்று ஒரு பாதியும் இல்லை என்று மறுபாதியும் விடையளித்த ஒரு நோயாளரைப் பற்றித் தம் சொற்பொழிவில் கூறி இவ்வினாவை எழுப்பினார். நம் ஆகமம் மனத்திற்குக் கருவியாகிய பொருள்மனத்தைப் புத்கலம் என்கிறது. உயிரோ, வைத்த இடத்திற்கேற்பப் பரவியும் சுருங்கியும் நிற்கும் விளக்கொளி போன்றது என்பார் உமாசுவாமிகள். அறையின் நடுவே தடுப்பு வைத்தால் ஒளி விழும் இடங்கள் பிரியலாம், விளக்கு இரண்டாகாது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் யாயிர் பின்டோவும் குழுவினரும், இத்தகைய நோயாளர் இருவரிடம் காட்சி பிரிந்திருப்பினும் உணர்வு ஒன்றாகவே இருப்பதாக 2017-இல் எழுதினர். அறிஞரிடையே இது இன்னும் முடிந்த வழக்கன்று. ஆதலின் இதனை உயிருக்குச் சான்றெனக் கொண்டாடுதலும் நமக்குத் தகாது.

இரண்டாம் வினாவே அறத்தைப் பற்றியது. அந்நோயாளர் பொய் கூறினாரா? பொய்ம்மைக்கு இலக்கணம் வகுக்கும் ஆசாரியர், சொல் உண்மையோடு பொருந்தாமையை மட்டும் நோக்கவில்லை. அதனை எழுப்பிய பிரமாதத்தை, அதாவது உள்ளத்தின் விழிப்பின்மையை நோக்கினார். நோயாளரிடம் வஞ்சமில்லை, மறுபாதியைக் கேட்டறியும் வழியுமில்லை. எனவே அவர் மீது குற்றமில்லை. நம் நிலை அதுவன்று. நமக்குப் பாலம் இருக்கிறது. இருந்தும் சினம், செருக்கு, மாயை, பேராசை ஆகிய கஷாயங்கள் செயலை நடத்திவிட, நாவானது அழகியதொரு காரணத்தைப் பின்னர்ப் புனைகிறது. "அவன் நன்மைக்காகவே கண்டித்தேன்" என்கிறோம். "எங்கள் செயல்களின் மூலம் எங்களுக்கே தெரியாதபோது நாங்கள் என் செய்வோம்?" எனச் சிலர் வினவலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாமே! ஒருவகையில் இது காரணமாகலாம் என்பதற்காகவே 'ஸ்யாத்' என்னும் சொல்லை நமக்கு அளித்தனர்.

மூளையைப் பற்றிய பேச்சிலும் இதே குற்றம் புகுந்துள்ளது. இடமூளைப் பிள்ளை கணக்கில் வல்லது, வலமூளைப் பிள்ளை கலையில் வல்லது எனப் பிரித்துக் குழந்தைகளுக்கு முத்திரையிடுகின்றனர். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1,011 பேருடைய மூளைப் படங்களை ஆராய்ந்து, ஒருவரது மூளை முழுவதிலும் ஒரு பாதியே மேலோங்கி நிற்பதற்குச் சான்றில்லை என 2013-இல் அறிவித்தனர். நம் மண்டகப்பட்டிலேயே இதற்கு விடை உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றிக் குடைவரை எடுப்பித்ததாகக் கல்வெட்டில் கூறும் மகேந்திரவர்மன், அங்கே தன்னை 'விசித்திரசித்தன்' எனக் குறித்துள்ளான். மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றியவனும் அவனே. பாறையை அளந்து குடையக் கணக்கு வேண்டும். வெறும் பாறையில் மண்டபத்தைக் காணக் கற்பனை வேண்டும். அவனை எந்தப் பாதிக்கு உரியவன் என்பது? ஒரு பிள்ளையின் இயல்பில் ஒரு கூற்றைக் கண்டு அதுவே அப்பிள்ளை என்பது ஏகாந்தம். அச்சொல்லைப் பிள்ளை நம்பிவிட்டால் அது இம்சையுமாகும்.

மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது, செய்த பிழைகளை மட்டும் எண்ணாது, அவற்றுக்கு நாம் கூறிய காரணங்களையும் எண்ணிப் பார்ப்போம். அவற்றுள் ஐயத்திற்கு இடமானவற்றை, யாரிடம் கூறினோமோ அவரிடமே மறுநாள் திருத்திக் கூறுவோம். பாலம் அறுந்தவர்க்கு அது இயலாது, நமக்கு இயலும். இயன்றும் செய்யாதிருத்தலே விரதத்திற்கு இழுக்கு என உணர்வோமாக.