குறித்துக்கொண்டோம்

"குறித்துக்கொண்டோம்" என்பது பொய்யா, இல்லையா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் மூன்று வருடம் இரவுவேளைகளில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் என்பதால் எனக்கு அது சின்னதாகப் படவில்லை.

வேலை இதுதான். லண்டனில் சில கவுன்சில்களுக்காக இரவில் வரும் மிருகங்கள் பற்றிய ரெலிபோன் அழைப்புகளை எடுக்கவேண்டும். என்ன, எங்கே, எந்த நிலையில் என்று கேட்டு, வான் அனுப்புவதா இல்லையா என்று முடிவுசெய்யவேண்டும். நான் வானில் போனவனல்ல. இந்த மூன்று வருடத்தில் ஒரு நாயைத்தானும் கண்ணால் காணவில்லை. கண்டதெல்லாம் கம்பியூட்டர் திரையில் நிரப்பவேண்டிய பெட்டிகளை மட்டுமே.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது இரக்கம் சம்பந்தப்பட்ட வேலையாகத் தோன்றும். உண்மையில் இது பிரித்து அடுக்குகிற வேலை. தெருவில் அலையும் நாய் என்றால் 1990 ஆம் ஆண்டுச் சுற்றாடல் சட்டப்படி அது கவுன்சிலின் பொறுப்பு. 2008 ஏப்ரல் வரை பொலிஸ் நிலையத்திலும் நாயைக் கொண்டுபோய் ஒப்படைக்கலாம். அதன்பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டு, முழுப்பொறுப்பும் கவுன்சில்களின் தலையில் விழுந்தது. அடிபட்ட நரி, புறா, முள்ளெலி எல்லாம் தொண்டு நிறுவனங்களின் அலுவல். அவர்களுக்கு மனமும் ஆளும் இருந்தால் வருவார்கள், வந்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. பூனை யாருடைய பொறுப்பிலும் அடங்காது. 1988 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. குதிரை, மாடு, கழுதை, கோவேறுகழுதை, செம்மறி, பன்றி, ஆடு, நாய் ஆகியவற்றை வாகனத்தால் மோதினால் சாரதி நின்று அறிவிக்கவேண்டும். பூனை அதில் இல்லை. வீட்டு வாசலில் பூனை நசுங்கிக் கிடக்கிறது என்று அழுதுகொண்டு ஒரு பெண் எடுப்பாள். மூச்சு இருக்கிறதா என்று நான் கேட்பேன். இருக்கிறது என்பாள். திரையில் அதற்குப் பெட்டி இல்லை.

அப்போதுதான் அந்தச் சொல் உதவிக்கு வரும். "உங்கள் தகவலைக் குறித்துக்கொண்டோம்."

இந்த வேலையைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு நிற்கும் நண்பன் ஒருவன் சொல்வான்: "இஞ்ச நாயாப் பிறந்திருக்கலாம் மச்சான். வான் அனுப்பி ஏத்துறாங்கள். எங்களை ஹீத்ரூவில என்ன பாடு படுத்தினாங்கள்!" புலம்பெயர்ந்த வீடுகளில் இந்தப் பகிடி கேட்காத கொண்டாட்டம் இல்லை. அதற்கு ஆதாரமும் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சங்கம் லண்டன் கோப்பிக்கடை ஒன்றில் தொடங்கப்பட்டது 1824 இல். குழந்தைகளை வதையிலிருந்து காக்க இதே நகரில் ஒரு சங்கம் தோன்றியது 1884 இல். அறுபது வருட இடைவெளி.

ஆனாலும் நாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் அந்தச் சட்டத்தின் மிச்சத்தை வாசித்ததில்லை. பிடித்த நாயை ஏழு நாள் வைத்திருக்கவேண்டும். உரியவர் வராவிட்டால் வளர்க்க விரும்புகிறவருக்கு விற்கலாம், கொடுக்கலாம், காப்பகத்துக்கு அனுப்பலாம், இயன்றவரை நோகாமல் கொன்றும் விடலாம். நாய்க்கு வான் வருவது அதனிடம் கொண்ட அன்பினால் மட்டுமல்ல. அது ஒரு பெட்டிக்குள் அடங்குவதால்தான். அடங்கியபின் அதற்கும் நாள் எண்ணத் தொடங்கிவிடும். நண்பனிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்களைப் போலத்தான்" என்றான். பகிடி அதோடு நின்றுவிட்டது.

அவன் சொன்னதில் சரி இருந்தது. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஆறு தமிழர்களின் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கினார்கள். ஒருவன் உண்மையாகவே பயப்படுகிறான் என்பது அகதியாவதற்குப் போதாது. பயப்படுவதற்குப் புறத்தே காரணம் உண்டா என்பதை உள்துறை அமைச்சு தன் கையிலுள்ள தகவல்களைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்பது அதன் சாரம். 1988 பெப்ரவரியில் அவர்களில் ஐந்துபேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1989 இல் மேன்முறையீட்டில் அவர்களுடைய பயம் நியாயமானது என்று முடிவாகி, மறுபடி லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். 1991 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அனுப்பிய நேரத்தில் இருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால் பிரித்தானியா தவறு செய்யவில்லை என்றது. அதாவது, பயந்தவனும் சரி, பயத்தை நம்பாதவரும் சரி.

முன்பெல்லாம் இந்த வழக்கை நினைத்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்மேல் ஆத்திரம் வரும். இப்போது அந்தக் கதிரையில் இருப்பவன் நான். "நாய் நடக்கிறதா? இரத்தம் போகிறதா? கழுத்தில் பட்டி இருக்கிறதா?" என்று கேட்கிறேன். அழைப்பவர் பதறப் பதற என் குரல் நிதானமாகிறது. அவர் கூட்டிச் சொல்கிறாரோ என்று சந்தேகப்படுகிறேன். இரண்டு வான்தான் உண்டு, அழைப்போ பத்து. சந்தேகப்படாமல் இந்த வேலையைச் செய்யமுடியாது. இதில் கொடுமை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் இல்லை. ஆனால் அந்தப் பூனை வாசலில்தான் கிடக்கிறது.

2009 ஏப்ரல் முதல் யூன் வரை பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றவர்களுக்கு இந்தச் சொல்லின் இன்னொரு முகமும் தெரியும். எழுபத்துமூன்று நாட்கள். மனுக் கொடுத்தோம், எங்கள் தொகுதி உறுப்பினர்களுக்கு எழுதினோம். பதில் மரியாதையாகவே வந்தது. கவலையுடன் கவனித்து வருகிறோம் என்றார்கள். அது பொய்யல்ல. கவனித்துத்தான் இருப்பார்கள். அந்தச் சொல்லின் கெட்டித்தனமே அதுதான். பொய் சொல்லாமலே, ஏதோ நடக்கப்போகிறது என்று கேட்பவரை நம்பவைத்துவிடும்.

எல்லாளனின் மணியை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். சோழநாட்டில் மனுநீதியின் பெயரில் வழங்கும் கதையை மகாவம்சம் அநுராதபுரத்தில் எல்லாளனுக்குரியதாகச் சொல்கிறது. கன்றை இழந்த பசு மணியை அடித்தது, அரசன் தன் மகனையே தண்டித்தான். இதுவரை எல்லோருக்கும் தெரியும். மகாவம்சத்தில் அதே மணியைப் பற்றி இன்னும் இரண்டு கதைகள் உண்டு. குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவை ஒன்று வந்து மணியை அடிக்கிறது. அரசன் பாம்பைப் பிடித்து வயிற்றைக் கிழித்துக் குஞ்சை எடுக்கச் செய்கிறான். எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. பசித்த பாம்பு செய்த குற்றம் என்ன? கோழியை நரி கொண்டுபோய்விட்டது, வந்து நரியைப் பிடியுங்கள் என்று எடுப்பவர்களிடம் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லவேண்டியிருந்தது.

மூன்றாவது கதைதான் நான் சொல்லவந்தது. வெயிலில் காயப்போட்ட அரிசியைக் காலந்தவறிப் பெய்த மழை நனைத்துவிட்டதென்று ஒரு கிழவி மணியை அடிக்கிறாள். மழை அரசனின் ஆட்சிக்குள் இல்லை. என் திரையாக இருந்தால் அதற்குப் பெட்டி இருந்திராது. எல்லாளன் உண்ணாமல் கிடந்தான், அதன்பிறகு மழை வாரத்துக்கு ஒருமுறை இரவில் மட்டும் பெய்தது என்கிறது கதை. மழைப் பகுதியை நான் நம்பவில்லை. ஆனால் தன்னால் ஆகாத ஒன்றைக் கேட்டு வந்தவளிடம் அவன் குறித்துக்கொண்டேன் என்று சொல்லவில்லை.

ஒரு மாரிகால இரவு, ஒன்றரை மணியிருக்கும், ஹறோப் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் எடுத்தார். பின்வளவில் கார் அடித்த நரி ஒன்று வந்து விழுந்திருக்கிறது, பின்னங்கால்கள் இழுபடுகின்றன. தெரிந்த இலக்கங்கள் எல்லாவற்றுக்கும் எடுத்துவிட்டார். நான் வழமைபோலச் சொன்னேன். அவர் கோபப்படாமல் கேட்டார்: "நீங்கள் குறித்தால் நரிக்கு என்ன?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறகு, "விடியும்வரை ஒருவரும் வரமாட்டார்கள்" என்றேன். கிட்டப் போகவேண்டாம், கடித்துவிடும், பின்பக்க லைற்றை அணைத்துவிடுங்கள், சத்தமில்லாமல் இருந்தால் அதற்குப் பயம் குறையும் என்றும் சொன்னேன். "அப்ப நான் யன்னலடியில் இருக்கிறேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்றால் அப்படியே சொல்லத் தொடங்கினேன். மேலாளர் அழைப்புகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசி. நீ உண்மை சொல்வதால் யாருக்கு நன்மை என்று கேட்டார். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு அவர்கள் நித்திரைக்குப் போயிருப்பார்கள், இப்போது விடியும்வரை விழித்திருக்கிறார்கள், மிருகத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். உன் மனப்பாரத்தை அவர்கள்மேல் இறக்கிவைக்கிறாய் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனத்துக்கு இன்றுவரை என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. ஒன்று மட்டும் தெரியும். 2009 இல் யாராவது ஒரு அதிகாரி எங்களிடம், ஒருவரும் வரப்போவதில்லை என்று ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் நித்திரை கொண்டிருக்கமாட்டோம். வன்னியில் இருந்தவர்களோடு வேறு விதமாகக் கதைத்திருப்போம்.

அந்த முதியவர் ஐந்து மணிபோல மறுபடி எடுத்தார். நரி நாலரைக்கே முடிந்துவிட்டது, உங்களுக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது என்றார். நன்றி சொன்னேன். அழைப்பை மூடுவதற்குத் திரை ஒரு முடிவு கேட்டது. இருந்தவற்றில் "மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை" என்பதுதான் கிட்ட வந்தது. அதை அழுத்திவிட்டு, அடுத்த அழைப்பை எடுத்தேன்.