தொரு

கிர்கிஸ்தானில் சோங்-கோல் ஏரி 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மேய்ப்பர்கள் மந்தையோடு அங்கே போய்க் கூடாரம் போடுவார்கள். கிசார்ட் கிராமத்திலிருந்து மூன்று நாள் குதிரையில் நானும் போனேன். குதிரைக்கு நாள் வாடகை.

பேரைக் கேட்டேன். "தொரு" என்றார் கூட வந்த மேய்ப்பர். அது பேரே இல்லை, செம்பழுப்பு நிறம். எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. மனசுக்குள் ஒரு பேர் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தொரு வியர்த்து நின்றது. பக்கத்திலேயே ஓடை. அவர் தண்ணீர் காட்டாமல் கட்டிப்போட்டார். என்ன மனுஷன் இவர் என்று நினைத்தேன். உடம்புச் சூடு அடங்கட்டும் என்று சைகையில் சொன்னார். ராத்திரி அந்தக் குளிரில் எழுந்து போய் அதன் மாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நான் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

கடைசி நாள் கேட்டே விட்டேன், வயசானால் இதையும் சாப்பிடுவீர்களா என்று. "ஆமாம்." குரலில் கூச்சமே இல்லை. குளிர்காலத்துக்குக் குதிரை வெட்டுவது அங்கே வழக்கம். (பிரியாணி தின்று வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? நான் தின்ற எந்த ஆட்டுக்காகவும் ராத்திரி எழுந்ததில்லை.)

என் பிரியம் பொய்யில்லை. ஆனால் குளம்பும் தீவனமும் கடைசியில் கத்தியும் அவர் பொறுப்பு. கழுத்தைத் தடவுவது மட்டும் என் பங்கு. இதை வைத்துக்கொண்டா அவரை எடைபோட்டேன்?

கிளம்பும்போது நான் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவர் நாக்கைச் சொடுக்கினார். போய்விட்டது.