கரைவலைப் பங்கும் பிள்ளையின் நியாயமும்

வாடை ஓய்ந்து கடல் அமர்ந்துவிட்டால், திருகோணமலை நகருக்கு வடக்கே இருக்கும் சல்லியில் கரைவலைக் காலம். கயிறு இழுக்கப் பெரியவர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்தபடி சின்னப் பையன்களும் நிற்பார்கள். இவர்கள் இழுப்பதால் வலை ஒரு சாண்கூட நகராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மடி கரையேறியதும் அவர்கள் கையிலும் கொஞ்சம் சூடையோ நெத்தலியோ விழும்.

அந்தக் கொஞ்சத்தில்தான் சண்டை வருகிறது. ஊர் முன்பள்ளியில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி, இந்தச் சண்டையைத் தன் பழைய ஆசிரியரிடம் கொண்டுபோனாள். அவர் ஓய்வுபெற்றுப் பல வருடம். அவளுக்கு அவர் இன்னும் ‘சேர்’. அவருக்கு அவள் இன்னும் ‘பிள்ளை’.

“தொடக்கத்தில இருந்து இழுத்தவனுக்கும் கடைசியா வந்து கயிறைத் தொட்டவனுக்கும் ஒரே அளவு மீன், சேர். முதல் வந்தவனுக்கு ஆறு வயசு. ‘அநியாயம்’ எண்டு கத்தி, தன்ர மீனையும் மண்ணில எறிஞ்சுபோட்டுப் போயிட்டான். ஆர் இவனுக்கு இதைப் படிப்பிச்சது?”

“நீயே சொல்லு.”

“தாய் தகப்பன்தானே.”

“தாய் என்ன சொன்னவ?”

“‘தந்ததை வாங்கிக்கொண்டு வராம உனக்கென்ன எடுப்பு’ எண்டு பேசினவ.”

“அப்ப தாய் படிப்பிச்சது வேற. இவன் படிச்சது வேற.”

கையில் இருந்ததும் போகட்டும் என்று மீனை எறிந்த அந்தக் கோபம் சல்லிக்கு மட்டும் உரியதல்ல. 2015இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு கனடா, இந்தியா, மெக்சிக்கோ, பெரு, செனகல், உகண்டா, அமெரிக்கா ஆகிய ஏழு நாட்டுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே இருத்தியது. தட்டில் தின்பண்டம். ஒரு பிள்ளையிடம் மட்டும் இரண்டு பிடிகள்: பச்சையை இழுத்தால் இருவருக்கும் வைத்தது வைத்தபடி கிடைக்கும், சிவப்பை இழுத்தால் இருவருக்குமே ஒன்றும் இல்லை. தனக்குக் குறைவாக வைத்தபோது சிவப்பை இழுக்கும் குணம் ஏழு நாட்டிலும் தெரிந்தது. தனக்குக் கூடுதலாக வைத்தபோதும் வேண்டாம் என்று மறுத்தவர்கள் அமெரிக்கா, கனடா, உகண்டா நாடுகளின் மூத்த பிள்ளைகள் மட்டுமே.

“அப்ப இந்தியப் பிள்ளையளுக்கு நியாயம் குறைவு எண்டா சொல்றியள்?” அவள் குரலில் கொஞ்சம் சூடு.

“அவசரப்படாத. கூடக் கிடைச்சதைத் தட்டிவிடுறது ஒரு வழி. வாங்கி வைச்சுக்கொண்டு, பிறகு தம்பிக்குப் பாதி குடுக்கிறது இன்னொரு வழி. அந்த மேசையில இருந்தது ரெண்டு பிடி. மூண்டாவது பிடி ஒண்டு இருந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு எனக்கும் பார்க்க ஆசை. ஆனா ஒண்டு நிச்சயம். தனக்கு நடந்த அநியாயம் முதலில தெரியுது, தன்னால நடக்கிற அநியாயம் பிந்தித்தான் தெரியுது. பெரிய ஆக்களிலயும் சிலர் இந்த முதல் வகுப்பிலயே நிண்டுவிடுகினம்.”

இந்த நியாய உணர்வு பிறக்கும்போதே வருகிறதா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் கவர்ச்சியான பதில் இருந்தது. 2007இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆறு மாத, பத்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார்கள். ஒரு பொம்மை மேட்டில் ஏறத் திணறும். ஒன்று தள்ளி உதவும், இன்னொன்று கீழே தள்ளிவிடும். பிறகு இரண்டையும் நீட்டினால் குழந்தைகள் உதவிய பொம்மையைத்தான் பெரும்பாலும் எடுத்தன. பால்குடியிலேயே அறம் இருக்கிறது என்று உலகமே மகிழ்ந்தது. அண்மையில் 37 ஆய்வுகூடங்கள் சேர்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளோடு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது குழந்தைகள் ஏறத்தாழ பாதிக்குப் பாதியாகப் பிரிந்துவிட்டன.

“அதனால பிறப்பில இருக்கு எண்டும் சத்தியம் பண்ணாத, இல்லை எண்டும் பண்ணாத,” என்றார் ஆசிரியர். “நாலு வயசுப் பிள்ளையளை நீ தினமும் பார்க்கிறாய். அவங்களிட்டக் கேள்.”

கேட்பதற்கு ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியல் வழிவந்தவர்கள் கையாளும் கேள்வி அது: ‘ரீச்சர் பரவாயில்லை எண்டு சொன்னா, செய்யலாமா?’ அடுத்த வாரம் அவள் விடையோடு வந்தாள். செருப்போடு வகுப்புக்குள் வரலாமா என்றால், ரீச்சர் சொன்னால் வரலாம் என்று பிள்ளைகள் தலையாட்டினார்கள். ரீச்சர் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளலாமா என்றதும் ஒரு சின்னப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தள்ளினா நோகும்தானே” என்றாளாம்.

“பார்த்தியா? செருப்பு உன்ர சட்டம். நோவு உன்ர சட்டமில்லை. இதை நாலு வயசு பிரிச்சுப் பார்க்குது.”

அவள் விடவில்லை. “ஆனா சேர், அம்மன் கோவில் விரத நாளில மச்சம் சாப்பிட்டா அது பாவம் எண்டு அதே பிள்ளையள் சொல்லுதுகள். அதில ஆருக்கு நோவு?”

இந்த இடத்தில் ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவள் தொட்டது ஒரு பழைய வழக்கு. 1987இல் மானிடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வீடரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒடிசாவின் புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் ஒரே பட்டியலைக் காட்டி, எது பெரிய தவறு என்று கேட்டார்கள். தகப்பன் செத்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக் கோழி சாப்பிட்டான் என்பது அதில் ஒன்று. புவனேஸ்வரத்துப் பிராமணப் பிள்ளைகள் அதை மிகக் கொடிய தவறுகளோடு வைத்தார்கள். சிகாகோப் பிள்ளைகளுக்கு அதில் தவறே தெரியவில்லை.

“சிகாகோப் பிள்ளைக்குச் செத்தவருக்கு நோகாது. புவனேஸ்வரப் பிள்ளைக்கு நோகும். ரெண்டு பேரும் நோவைத்தான் கணக்கெடுக்கினம். ஆருக்கெல்லாம் நோகும் எண்ட பட்டியலை வீடும் ஊரும் எழுதிக் குடுக்குது. அந்தப் பட்டியலில செத்த தகப்பன் இருக்கலாம், அம்மன் இருக்கலாம். வீட்டில வேலை செய்யிற பிள்ளையின்ர பேர் விடுபட்டும் இருக்கலாம். எங்கட ஊர்களில அது விடுபட்ட காலம் கனக்க.”

ஊர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மாற்ற முடியுமா? போளை விளையாட்டைப் பற்றிய பேச்சு இங்கேதான் வந்தது. உளவியலாளர் ஜான் பியாஜே சுவிட்சர்லாந்துச் சிறுவர்களோடு தரையில் குந்தியிருந்து போளை அடித்து, விதியை யார் வைத்தது என்று அவர்களையே கேட்டார். 1932இல் அது நூலாக வந்தது. சின்னவர்கள் விதி பெரியவர்கள் தந்தது, மாற்றவே முடியாது என்றார்கள். பத்து வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்றார்கள். அதே நூலில் கோப்பைக் கதையும் உண்டு. சாப்பிட அழைத்ததும் கதவைத் திறந்த பையன், பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிட்டான். இன்னொருவன் தாய் இல்லாத நேரம் ஜாம் திருடப்போய் ஒரு கோப்பையை உடைத்தான். சின்னப் பிள்ளைகள் பலருக்கு 15 உடைத்தவனே பெரிய குற்றவாளி. மனதில் என்ன இருந்தது என்று பார்க்கும் கண் ஒன்பது, பத்து வயதளவில்தான் நன்றாகத் திறக்கிறது என்றார் பியாஜே. அவர் சொன்னதைவிட முன்பே திறக்கிறது என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள்.

“எங்கட சட்டம் இதை விளங்கிக்கொள்ளவே எவ்வளவு காலம் எடுத்தது!” என்று ஆசிரியர் ஒரு கணக்குச் சொன்னார். 1883இன் தண்டனைச் சட்டக்கோவை எட்டு வயதுக்குக் கீழே எது செய்தாலும் குற்றமில்லை என்றது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அதைப் பன்னிரண்டாக்கியது. பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் இடையில், செய்ததன் விளைவை உணரும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு உண்டா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இந்தியாவில் 2023இன் புதிய சட்டமும் ஏழு வயது என்ற பழைய எல்லையிலேயே நிற்கிறது.

“அப்ப நாங்கள் என்ன செய்யிறது? போளை அடிக்க விட்டுட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறதா?”

“பாதி நேரம், ஓம். சண்டை வந்த உடனே ஓடிப்போய்த் தீர்ப்புச் சொல்லாத. அவங்களே பேசித் தீர்க்கட்டும், அதில படிக்கிறது கனக்க. மீதி நேரம் காரணத்தைச் சொல்லு. ‘அடிச்சா நானும் அடிப்பன்’ எண்டா, பிள்ளை என்ர கையைத்தான் பார்க்கும். ‘பார், அவன் அழுறான்’ எண்டா, மற்றவன்ர முகத்தைப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில பிரம்பு வேண்டாம் எண்டு 2005இலயே சுற்றறிக்கை வந்தது. நான் அதுக்கு முந்தின ஆள். பிரம்பு தூக்கின வகுப்பில சத்தம் குறைஞ்சதைக் கண்டிருக்கிறன், பொய் குறைஞ்சதைக் காணேல்லை.”

கடைசியாக, அவள் பதில் சொல்ல முடியாமல் விட்ட கேள்வி ஒன்றைச் சொன்னாள். அடுப்படியில் ஒரு பையனின் தாய் பாரை மீன் வெட்டும்போது முள் நொறுங்கி, சதை கலங்கி, உள்ளே இரத்தம் கட்டியிருந்ததாம். டைனமைட் அடித்த மீன் என்று தாயே முணுமுணுத்திருக்கிறாள். மகன் மறுநாள் முன்பள்ளியில் கேட்டான்: “டைனமைட் அடிக்கிறது கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்ப அப்பா ஏன் வாங்கினவர்?”

“நீ என்ன சொன்னாய்?”

“அப்பாவுக்குத் தெரியாம இருந்திருக்கும் எண்டு சமாளிச்சன்.”

“அவன் நம்பினானா?”

“இல்லை.”

“நம்பமாட்டான். தகப்பனைக் காப்பாத்தப் போய் நீ பொய்க்காரியாய்ப் போனாய். பெற்றார் கூட்டத்தில இந்தக் கேள்வியைப் பேர் சொல்லாம அப்பிடியே வாசி. பதில் சொல்ல வேண்டியது மீன் வாங்கின ஆக்கள்.”

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரக வளங்கள் சட்டம் வெடி வைத்து மீன் பிடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. அப்படிப் பிடித்தது என்று தெரிந்துகொண்டே அந்த மீனை விற்பதும் வாங்குவதும் அதன்படி குற்றமே.