எடைக்குப் போட்ட காகிதங்கள்

அப்பா இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது அவருடைய காகிதங்களை இரண்டாகப் பிரித்தேன். அச்சிட்ட புத்தகங்களை வைத்துக்கொண்டேன். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதிய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். ஒரு நோட்டு நழுவி என் காலில் விழுந்தது. சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு அதையும் தராசில் வைத்தேன். இரண்டு காரியங்களையும் ஒரே கைதான் செய்தது. அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காகிதம் எழுதுவதற்கென்றே பிறந்தது என்று நினைத்திருந்தேன். மரப்பட்டை, சணல், கந்தல், பழைய மீன்வலை இவற்றைக் கூழாக்கிச் செய்த காகிதத்தைச் சாய் லுன் கி.பி. 105இல் சீனத்து ஹான் அரசவையில் சமர்ப்பித்தார் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதற்கும் முந்திய துண்டுகள் சீனத்தின் வடமேற்கில் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் மருந்தின் பெயர் மட்டும் இருக்கிறது. மருந்து மடித்த தாள்கள் என்று கருதுகிறார்கள். ஆகவே பொட்டலமாவது காகிதத்தின் வீழ்ச்சி அல்ல. பொட்டலத்துக்கும் புத்தகம் அளவுக்கு வயதிருக்கிறது.

அப்படியானால் நம் மரியாதை எழுத்துக்கு மட்டுமா? 6ஆம் நூற்றாண்டில் யான் சிதுய் என்ற சீன அறிஞர், செவ்வியல் நூல்களின் வாசகமோ ஞானிகளின் பெயரோ உள்ள தாளைக் கழிப்பறையில் பயன்படுத்தத் தமக்குத் துணிவில்லை என்று எழுதினார். மற்றத் தாள்களைப் பற்றி அவருக்குச் சங்கடம் இல்லை போலும். அவர் எழுத்தை வணங்கவில்லை. எழுத்துக்குள் ஜாதி பிரித்தார். நான் செய்ததும் அதுதான்.

கெய்ரோவில் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் வேறுவிதமாக நடந்தது. இறைவன் பெயர் இருக்கக்கூடும் என்று, பயன் தீர்ந்த தாள்களை அழிக்காமல் நூற்றாண்டுகளாக ஓர் அறையில் போட்டுவந்தார்கள். 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனவை மட்டும் சுமார் 1,93,000 துண்டுகள். மறைநூல்களோடு கடைக் கணக்கு, கடன் சீட்டு, குழந்தைகள் எழுதிப் பழகிய தாள் எல்லாம் கலந்து கிடந்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கியிருந்த ஒரு வணிகருக்கு ஏடனிலிருந்து வெள்ளைக் காகிதம் பரிசாக வந்ததும் அந்தக் குவியலால்தான் தெரிகிறது. யாரும் உயர்வாக நினைக்காத தாள்களில்தான் வாழ்க்கை இருந்தது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீடு சிறியது. கந்தலில் பிறந்தது மறுபடியும் கூழாவதில் கேவலமும் இல்லை. எனக்கு உறுத்துவது எடைக்குப் போட்டதல்ல, கண்ணில் ஒற்றிக்கொண்டது. வணங்கியாயிற்று, இனிப் படிக்க வேண்டியதில்லை என்று அந்தச் சம்பிரதாயம் என்னை விடுவித்துவிட்டது.

நான் வைத்துக்கொண்ட புத்தகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். தராசில் விரிந்து கிடந்த பக்கத்தில், ஒரு தேதிக்கு நேரே, அப்பா கையெழுத்தில் ‘பால் வேண்டாம்’ என்று இருந்தது. அன்று ஏன் வேண்டாம் என்று சொன்னார்? முன்பக்கத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கலாம்.