சேவைதானே, அப்புறம் என்ன தப்பு?

காசு வாங்காமல், நல்ல மனசோடு செய்த ஒரு வேலையில் தப்பு இருக்க முடியுமா? போன வருஷம் வரைக்கும் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால், "முடியாது" என்று யோசிக்காமலே சொல்லியிருப்பேன்.

நான் ஜொகூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார இறுதிகளில் இளைஞர் பிரிவு நண்பர்கள் ஐந்து பேரோடு சேர்ந்து சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் தயாரிக்கிறேன். ஒரு பழைய கேமரா, கடன் வாங்கிய மைக், என் லேப்டாப். இவ்வளவுதான் எங்கள் நிலையம். முதலில் கோவில் மண்டபத்தில் திரை கட்டிப் போடுவோம், பிறகு முகநூலில் ஏற்றுவோம். பெட்ரோல் காசுகூட எங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

ஒரு தடவை, கூலாய் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு மாரியம்மன் கோவிலைப் பற்றி எடுத்தோம். தோட்டத்து மக்கள் தாமானுக்குக் குடிபெயர்ந்து பல வருஷமாகிவிட்டது. ஒரே ஒரு தாத்தா மட்டும் தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து விளக்கேற்றுகிறார். ஒரு மணி நேரம் பேசினார். மணி எப்படி வந்தது, திருவிழாவுக்கு யார் யார் கூழ் காய்ச்சுவார்கள், எல்லாம் சொன்னார். நடுவில் பேச்சு எப்படியோ அவர் மகன் பக்கம் திரும்பியது. சிங்கப்பூரில் வேலை, அப்பாவோடு பேச்சு நின்று போய் வருஷக்கணக்கு. சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

எடிட்டிங் செய்தது நான். அந்த ஒரு நிமிடத்தைத் தூக்கிப் படத்தின் தொடக்கத்தில் வைத்தேன்.

மண்டபத்தில் போட்டபோது பலத்த கைதட்டல். "செம டச்சிங் டா" என்று அண்ணன்மார் முதுகில் தட்டினார்கள். தாத்தா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை.

மறுவாரம் அவரைப் பார்க்கப் போனேன். "தம்பி, நான் கோயிலப் பத்தித்தானே பேசுனேன்? என் வீட்டுக் கதைய ஏன்யா ஊருக்குக் காட்டுனீங்க? நாளைக்கு அவன் பார்த்தா, அப்பன் என்னை அசிங்கப்படுத்திட்டாருன்னுதானே நெனப்பான்?"

என் மனசுக்குள் முதலில் வந்தது மன்னிப்பு இல்லை, வாதம்தான். கேமரா ஓடுவது அவருக்குத் தெரியும். அனுமதி கொடுத்தார். நாங்கள் இதில் ஒரு காசு பார்க்கவில்லை. சேவைதானே, அப்புறம் என்ன தப்பு?

யோசிக்க யோசிக்க அந்த வாதம் உடைந்துகொண்டே வந்தது. அவர் அனுமதி கொடுத்தது படம் எடுக்க. ஒரு மணி நேரப் பேச்சில் எந்த நிமிடம் முதலில் வரும், எது விடுபடும் என்று முடிவு செய்தவன் நான். அந்த முடிவுக்கு அவரிடம் யாருமே அனுமதி கேட்கவில்லை.

இந்தச் சிக்கல் எங்களுக்கு முன்பே பலர் பார்த்த சிக்கல்தான். 1967-ல் கனடாவின் ஃபோகோ தீவில், தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ மீனவர்களை வைத்து 20-க்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். தீவைக் காலி செய்யச் சொல்லி அரசு நெருக்கிய நேரம் அது. எடுத்த படத்தை முதலில் பார்த்தவர்கள் அந்த மீனவர்களேதான். "இது வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அந்தப் பகுதி வெளியே போகாது. அதன்பிறகே அமைச்சர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தத் திட்டத்தில் பின்னர் பொறுப்பேற்ற ஜார்ஜ் ஸ்டோனிதான், 1971-ல் நியூயார்க்கில் ரெட் பர்ன்ஸுடன் சேர்ந்து ஒரு மையம் தொடங்கி, சாதாரண மக்களே கேபிள் தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி தயாரிக்க வழி காட்டினார்.

இங்கே என் நண்பன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "எல்லாரும் வெட்டச் சொன்னா, உண்மைய எப்படிடா காட்டுறது?" அவனுக்கு நான் குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சொன்னேன். 1975-ல் இஸ்ரோ அங்கே பீஜ் என்ற கிராமத்தில் 1 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து, அந்த வட்டார மக்களுக்கென்றே நிகழ்ச்சிகள் ஒளிபரப்பியது. கிராமத்து ஆட்களே அவற்றில் பங்கெடுத்தார்கள். தீண்டாமை, குறைந்த கூலி போன்ற விஷயங்களும் பேசப்பட்டன. கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளியிடம் போய் "இதைப் போடலாமா?" என்று கேட்க முடியாதுதான். ஆனால் அதிகாரம் உள்ளவர் மறைக்கும் தவறு வேறு, எளியவர் நம்பிச் சொன்ன துக்கம் வேறு. முன்னதைத் திறந்து காட்டத் தைரியம் வேண்டும். பின்னதை மூடி வைக்கவும் தைரியம் வேண்டும். ஏனென்றால் கைதட்டல் கிடைப்பது அதற்குத்தான்.

பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று சமய வகுப்பில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அதை நான் பாதிதான் புரிந்து வைத்திருந்தேன். எனக்கு வரும் பலனை நான் விடலாம், அது என்னுடையது. என் செயலால் இன்னொருவர் தலையில் விழும் பலனைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க எனக்கு என்ன உரிமை? காசு வாங்கவில்லை என்று பெருமைப்பட்டேனே தவிர, பாராட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதன் விலையைக் கொடுத்தவர் தாத்தா. அகிம்சை என்பதும் மனம், வாக்கு, காயம் மூன்றுக்கும்தானே? எடிட்டிங் டைம்லைனுக்கு மட்டும் விதிவிலக்கு ஏது?

அன்றே அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் யாரோ டவுன்லோட் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அது எத்தனை போனில் இருக்கிறது, சிங்கப்பூர் வரை போனதா என்று எனக்குத் தெரியாது. பொறியியல் படிக்கும் என்னாலும் அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

இப்போது எங்களிடம் ஒரே ஒரு விதி. படம் முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, படத்தில் இருப்பவர் வீட்டுக்குப் போவோம். முதல் பார்வையாளர் அவர்தான். தன்னைப் பற்றி எதை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவோம், காரணம் கேட்க மாட்டோம். இதனால் ஒரு நிகழ்ச்சி தள்ளிப்போனது, இன்னொன்று வெளியே வரவே இல்லை. பரவாயில்லை.

தாத்தாவின் கோவில் படத்தையும் மறுபடி வெட்டி எடுத்துப்போனேன். கோவில் வாசலில் உட்கார்ந்து அமைதியாகப் பார்த்தார். முடிந்ததும், "மணி சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் வரட்டும்" என்றார். அது ஒன்றுதான் கேட்டார்.

நண்பர்களே, அடுத்த திருவிழாவில் நீங்களும் போனைத் தூக்குவீர்கள். பதிவேற்றும் முன் ஒரு தடவை, அந்தத் திரையை அதில் இருப்பவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள்.